ஒண்ணா, ரெண்டா

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கொஞ்சம். இதை உரக்கச் சொல்ல முடியாது, உரக்கச் சொன்னால் வேறே கதையாகிப் போகும். ஒரு கட்டுமரத்தின் மேலே தனியாய் உட்கார்ந்திருந்த மனுசனின் மண்டைக்குள்ளே நடந்தது இது. வெளியே நின்று பார்த்திருந்தால் காலை வெயில், பாறை, தண்ணீர், அவன் கையில் ஒரு கயிறு, அவ்வளவுதான் தெரிந்திருக்கும். ஆள் பேர் வியாகப்பன். கயிற்றின் மேல்நுனி அவன் கையில், கீழ்நுனி அவன் தங்கச்சி கித்தேரியின் புருசன் ஜெறால்டின் இடுப்பில், தண்ணிக்கு அடியில். எங்க கரையில் முங்குகிறவனின் கயிற்றை எல்லாரும் பிடிச்சிர முடியாது. கூடப்பிறந்தவன் பிடித்தால் வீட்டுப் பங்கு ஞாபகம் வரும், கூட்டாளி பிடித்தால் பழைய பகை ஞாபகம் வரும், பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோ பிடித்தால் மட்டும்தான் தன் உடன்பிறந்தாள் தாலியறுக்கிறதை நினைத்துக் கை இறுகும் என்று முன்னே இருந்தவர்கள் யோசித்து வைத்த ஏற்பாடு. ஒரு இழுப்பு வந்தால் கயிற்றை விட்டுக்கொடு. ரெண்டு இழுப்பு வந்தால் தூக்கு. பச்சைப்பிள்ளைக்குக்கூட இதிலே சந்தேகம் வராது. வியாகப்பனுக்கும் இத்தனை வருசத்தில் வந்ததில்லை. அன்றைக்குக் கயிறு அசைந்தது, அவன் விட்டுக்கொடுத்தான், பச்சை நைலான் கயிறு அவன் விரலிடுக்கு வழியாக வழுவழுவென்று தண்ணிக்குள் இறங்கிப் போனது, போய் முடிந்த பிறகுதான் நெஞ்சுக்குள்ளே எதுவோ திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து கேட்டது: ஒண்ணா இழுத்தான், ரெண்டா?

ஒண்ணு. ஒண்ணுதான். ஒண்ணுன்னுதானே விட்டேன். கை சும்மா விடுமா, கைக்குத் தெரியாமல் கை விடுமா, ஆனால் கை விட்டபோது நான் எங்கே இருந்தேன் என்று அவன் தன்னையே கேட்டான், கேட்ட மாத்திரத்தில் முதுகு வேர்த்தது, ஏனென்றால் அவன் மரத்தின் மேலே இல்லை, பங்கிராசு டீக்கடையில் இருந்தான். காலையில் நடந்ததுக்குள்ளே மறுபடியும் போய் உட்கார்ந்திருந்தான். ஜெறால்டு டீக்கிளாசை ஏதோ திருப்பலிக் கிண்ணம் மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "கேட்டியளா, எங்க மச்சானுக்கக் காதுல கோயில் மணியைக் கொண்டு கட்டி அடிச்சாலும் கேக்காது. ஆனா நாலு வீடு தள்ளி மீன் பொரிச்சா மட்டும் டாண்ணு கேட்டிரும்" என்றான். கடையே உடைந்து சிரித்தது. பங்கிராசு சிரித்த சிரிப்பில் பால் அடுப்பில் பொங்கி வழிந்தது. வியாகப்பனுக்கு இடது காது சின்ன வயசிலேயே போயிற்று, தடுமம் பிடித்து அடைத்த மூக்கோடு முங்கி, பாதி ஆழத்தில் டப்பென்று ஒரு சத்தம், அப்புறம் அந்தப் பக்கத்து உலகமே அடைத்துப் போயிற்று, வலது காதும் பாதிதான். அதனால் அவனுக்கு அந்தப் பேச்சு முழுசாய் விழவில்லை, எல்லாரும் சிரிக்கிறதைப் பார்த்து அவனும் சிரித்தான், சிரித்து முடிக்கிற நேரத்தில்தான் பேச்சு அவனுக்குள் போய்ச் சேர்ந்தது, தன்னைப் பற்றித்தான் என்று. அந்தப் பிந்திப்போன சிரிப்பு இருக்கே, அதுதான் அவனை அறுத்தது. கேலி பண்ணினதுகூடப் பரவாயில்லை, தெரியாமல் தானும் கூடச் சிரித்தோமே. துடுப்புப் போட்டு வருகிற வழியெல்லாம் அவன் ஒரு மறுமொழி தேடினான். ஜெறால்டு மரத்தின் முன்பக்கம் உட்கார்ந்து ஏதோ பாடிக்கொண்டு வந்தான், இவன் பின்பக்கம் உட்கார்ந்து அவன் முதுகைப் பார்த்தபடியே மறுமொழியைத் தேடினான், பாறைக்கு வந்து நங்கூரக்கல்லைப் போட்டு, ஜெறால்டு மூக்கைப் பிடித்துக் கண்ணாடியை மாட்டிக் குதித்த பிறகும் தேடினான். கிடைத்தது. அவன் கீழே இருக்கும்போது கிடைத்தது. "ஆமா மாப்பிள, ஒன் வீட்டுலேருந்து மட்டும் அந்தச் சத்தம் ஒருநாளும் வந்ததில்ல." ஆகா. சாயங்காலம் அதே கடையில், அதே ஆட்கள் இருக்கும்போது, டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, மெதுவாக. ஒருநாளும் என்கிற வார்த்தை முதலில் வரணுமா, மட்டும் என்கிறது முதலில் வரணுமா. பங்கிராசு எப்படி வாயைப் பிளப்பான் என்று நினைத்தபோது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது, தனியாகத் தோள் குலுங்கச் சிரித்தான், அந்தக் குலுக்கலின் நடுவிலேதான், சரியாக அந்த நடுவிலேதான், கயிறு அசைந்தது.

அப்போ ரெண்டாவது அசைவு என் தோளா? ஒண்ணு அவன் இழுத்தது, இன்னொன்று என் சிரிப்புக் குலுங்கியது என்றால் சரி, விட்டது சரி. ரெண்டும் அவனே இழுத்து, அதிலே ஒன்றை என் சிரிப்பு தின்றுவிட்டதென்றால்? வியாகப்பன் உள்ளங்கையைப் பார்த்தான், அங்கே ஏதோ எழுதியிருக்கிற மாதிரி. கயிறு பதிந்த சிவப்புக்கோடு ஒன்று இருந்தது. கோடு ஒண்ணுதான் இருக்கும், எத்தனை இழுத்தாலும். கண்ணை மூடி அந்த இழுப்பை மறுபடியும் கைக்குள் வரவழைக்கப் பார்த்தான், வந்தது, முதல் இழுப்பு சுத்தமாக வந்தது, மனுச இழுப்பு, சுருக்கென்று, கடல் இழுக்கிற இழுப்பு இப்படி இருக்காது, கடல் மாடு மாதிரி மெதுவாக இழுத்து மெதுவாக விடும், அதைப் பிரித்துத் தெரிகிறதுக்குத்தானே இந்தக் கை, மச்சானுக்குக் காது கையிலே இருக்கு என்று ஜெறால்டே சொல்லியிருக்கிறான், நல்லா இருக்கும்போது சொல்லியிருக்கிறான், அப்புறம் ரெண்டாவதை வரவழைக்கப் பார்த்தான், அந்த இடத்தில் பங்கிராசு வாயைப் பிளந்துகொண்டு நின்றான். போடே. போ அங்கே. எத்தனை தடவை போய்ப் பார்த்தாலும் அந்த இடத்தில் பங்கிராசு வாய்தான் இருந்தது.

சரி, எவ்வளவு நேரமாச்சு. கயிறு பிடிக்கிறவன் வாய்க்குள் மங்கள வார்த்தை ஜெபம் சொல்லிக்கொண்டே இருக்கணும், அதுதான் முங்கினவனின் மூச்சுக்கு அளவு, ஜெறால்டுக்கு எத்தனை என்று இவனுக்குத் தெரியும், ஊரிலேயே மூச்சு நீளமானவன் அவன், ஆனால் டீக்கடைக்குள் போனபோது ஜெபத்தை எங்கே விட்டுவிட்டுப் போனான் என்று இப்போது தெரியவில்லை. மூணாவதிலா? ஆறாவதிலா? முதலிலிருந்து தொடங்கினான். தொடங்கினால் பழசையும் புதுசையும் கூட்டணுமே, எதோடு எதைக் கூட்டுவது. இப்பொழுதும் என்கிற இடத்தில் வந்து நாக்கு நின்றது. அதற்கு அடுத்து எங்கள் மரண நேரத்திலும் என்று வரும், எங்க ஊர்க் குழந்தைக்கும் தெரியும். அதைச் சொல்ல நாக்கு மாட்டேன் என்றது. இப்பொழுதும், இப்பொழுதும், இப்பொழுதும் என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

கீழே அவனுக்குத் தெரியாத இடமா? தெரியாத இடம்தான், காது போன பிறகு அவன் ஒரு ஆள் ஆழத்துக்குக் கீழே போனதில்லை, ஆனால் ஜெறால்டு வாயால் எல்லாம் பார்த்தாயிற்று. ஆடுமேய்ச்சான் பாறை என்று அதற்குப் பெயர், மழைக்காலத்தில் நுரை ஏறி இறங்குகிறது தூரத்திலிருந்து ஆடு மேய்கிற மாதிரி இருக்கும். ஊர் கூடி அடைத்த பாறை அது. சிப்பி அரியக்கூடாது, தூண்டில் போடக்கூடாது, வலை விடக்கூடாது, பாறையைச் சுற்றின கடல் முழுக்க மீனுக்கு விட்டது. ஊர்க்காரர் அடைத்த பிறகு அரசாங்கமும் வந்து கரையில் ஒரு பலகை நட்டு, பாதுகாக்கப்பட்ட பகுதி என்று எழுதிவிட்டுப் போனது. "இது மீனுக்க பிள்ளைப்பேறு ஆசுபத்திரி மச்சான், நாம ரெண்டு பேரும் தாதிமாரு" என்பான் ஜெறால்டு. அவன் ஒவ்வொரு தடவையும் மேலே வந்து மரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மூச்சு வாங்குகிறதுக்குள்ளேயே பேச ஆரம்பித்துவிடுவான், என்னைவிடப் பெரிய களவா மீன் ஒண்ணு, வாசல்ல நிக்கற சம்பந்தி மாதிரி மொறைக்குது மச்சான். கிளிமீன் பாறையைக் கடிக்கிற சத்தம் கேக்கணுமே, உங்க தங்கச்சி முறுக்குத் தின்னுற மாதிரி. பாம்பு மாதிரி அஞ்சாளை மீன் ஒண்ணு பொந்துக்குள்ளேருந்து தலையை மட்டும் நீட்டிட்டு வாயைத் திறந்து திறந்து மூடுது, கோயில்ல ஜெபம் சொல்லுற நம்ம உபதேசியாரேதான். ஒரு பொந்தில் பேய்க்கணவாய் ஒன்று இருக்கிறதாம், எட்டுக் கையாலும் சிப்பி ஓடுகளையெல்லாம் பொறுக்கி வாசலில் அடுக்கிவைத்து, ஆள் வந்தால் ஒரு சிப்பியை எடுத்துக் கதவை மூடுகிறதாம், ஜெறால்டு விரலை நீட்டினால் ஒரு கையை மட்டும் வெளியே விட்டு அவன் விரலைத் தொட்டுப் பார்க்குமாம், கண் தெரியாதவர் ஆளை அடையாளம் பார்க்கிற மாதிரி. வியாகப்பன் அதையெல்லாம் நம்பியும் நம்பாமலும் கேட்பான், ராத்திரி படுத்தால் அந்தக் கணவாயின் கை அவன் விரலையே தொடுகிற மாதிரி இருக்கும். இப்போது அந்த ஆசுபத்திரியின் மேலேதான் ஒரு வலை வந்து விழுந்து கிடக்கிறது. எந்த ஊர்க்காரன் வலையோ, காற்றுக்கு அறுந்து மிதந்து வந்து பாறையின் அடியில் சுற்றிக்கொண்டது, ஆள் இல்லாத வலை, அது பாட்டுக்குப் பிடித்துக்கொண்டே இருக்கிறது, பிடித்தது செத்தால் அதைத் தின்ன வந்ததையும் பிடிக்கிறது. அதை அறுத்து எடுத்துவரத்தான் ஊர்க்கமிட்டி இவர்கள் ரெண்டு பேரையும் அனுப்பியது. அரைப்பனை ஆழம். வெட்டுக்கத்தி அவன் கையில். கயிறு அவன் இடுப்பில். அந்த வலைக்குப் பக்கத்தில் இவன் கயிற்றைத் தளர்த்தி விட்டிருக்கிறான்.

தளர்ந்த கயிறு என்ன செய்யும்? சும்மா இருக்காது. பாம்பு மாதிரி சுருண்டு இறங்கும், வலைக்கண்ணில் நுழையும், அவன் காலில் சுற்றும். இழு, இழுத்துரு, தூக்கிரு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கை தூக்கவும் போயிற்று. அப்போதுதான் சவரியடிமையின் முதுகு கண்ணில் வந்து நின்றது. சவரியடிமையை உங்களுக்குத் தெரியாது, செத்துப்போய்விட்டான், படுக்கையில்தான் செத்தான், ஆனால் சாகிறவரைக்கும் சட்டை போட்டுக்கொண்டே குளித்தவன். அவன் ஒரு இழுப்பு இழுத்திருக்கிறான், விட்டுக்கொடு என்று. மேலே இருந்த அவனுடைய மச்சான் பயந்து தூக்கிவிட்டான். பாறை இடுக்குக்குள் இருந்த ஆளை இடுப்பில் கட்டித் தூக்கினால் எப்படி வருவான், சிப்பி ஒட்டின பாறை வழியாகத் தேய்ந்துகொண்டு வருவான், ஒவ்வொரு சிப்பியும் ஒரு சவரக்கத்தி. மேலே வந்தபோது அவன் முதுகு உழுத வயல் மாதிரி இருந்ததை வியாகப்பன் பார்த்திருக்கிறான். ஒண்ணென்றால் இழுக்கக்கூடாது. ரெண்டென்றால் இழுக்காமல் இருக்கக்கூடாது. இழுத்தால் உரிந்து வருவான், இழுக்காவிட்டால் வரவேமாட்டான், வியாகப்பனின் கை கயிற்றைப் பிடித்தபடி பாதியில் நின்றது, முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை, அது யாரோ ஒருவருடைய கை மாதிரி நின்றது.

கேட்டுப்பார்க்கலாமே. கேட்கிறதுக்கும் வழி உண்டு, மேலே இருப்பவன் மெதுவாக ஒரு சுண்டு சுண்டினால், நல்லாயிருக்கேன் என்று கீழே இருப்பவன் ஒன்று சுண்டுவான். ஏன் இவ்வளவு நேரம் இது தோன்றவில்லை, சுண்டினான். காத்திருந்தான். கயிறு அசைந்தது. ஆ, அவன்தான். இல்லை, அலை. மறுபடியும் அசைந்தது, இது அவன், சுருக்கென்று, இல்லை, பாறைக்கு அந்தப் பக்கம் உடைகிற அலையின் திரும்பல். இத்தனை வருசம் மனுசனையும் கடலையும் பிரித்துச் சொன்ன கை, இப்போது எல்லாவற்றையும் ஜெறால்டு என்றது. பயம் பிடித்த கைக்கு ஒவ்வொரு அலையும் மாப்பிள்ளையாகத்தான் தெரியும் போல. இன்னொரு சுண்டு. ஒன்றும் இல்லை. தண்ணீருக்குள்ளே எட்டிப் பார்த்தான், வெயில் உடைந்து உடைந்து மின்னியது, கீழே பச்சை, அதற்குக் கீழே கறுப்பு, ஒரு சின்ன மீன்கூட்டம் ஒரே மாதிரி திரும்பி ஒரே மாதிரி மறைந்தது, எதற்காகத் திரும்பின, எதைப் பார்த்துத் திரும்பின. நீர்க்குமிழி வருகிறதா என்று பார்த்தான். ஒன்று வந்தது. பாறையிலிருந்து எத்தனையோ குமிழி வரும். ஒன்று வந்தால் ஒன்று, ரெண்டு வந்தால் ரெண்டு என்று அவன் மனசு அதையும் எண்ணப் போயிற்று, சீ என்று அவனே தலையில் அடித்துக்கொண்டான்.

கித்தேரி கேட்பாள். அழ மாட்டாள் முதலில், கேட்பாள், அவள் எப்போதும் கேட்டுவிட்டுத்தான் அழுவாள். காலையில்கூட வாசலில் நின்று, "அண்ணே, வரும்போது ரெண்டு பேருல யாராவது மறக்காம தேங்கா வாங்கிட்டு வாங்க, நீங்க வாங்குவீங்கன்னு அவரும், அவரு வாங்குவாருன்னு நீங்களும் வெறுங்கையா வந்து நிக்காதீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பார்த்துப் போங்க என்றுகூடச் சொல்லவில்லை, கயிற்றைப் பிடிக்கிறது அண்ணன் என்கிறபோது எதற்குச் சொல்லணும். அவள் கேட்பாள், கயிறு ஆடினபோது நீ என்ன செஞ்சிட்டிருந்தே அண்ணே. தூங்கினேன் என்றால்கூட மனுசன் மன்னிப்பான். குடித்திருந்தேன் என்றால் செருப்பால் அடித்துவிட்டு ஒருநாள் மன்னிப்பாள். மறுமொழி யோசித்துக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது? என்ன மறுமொழி என்பாள். ஒன் வீட்டுலேருந்து மீன் பொரிக்கிற சத்தம் ஒருநாளும் வந்ததில்ல. அவள் வீடு. அவள் அடுப்பு. அவள் கையால் பொரித்த மீனை எத்தனை தடவை தட்டோடு வழித்துத் தின்றிருக்கிறான், அந்தக் கையைத்தானே, நாலு பேர் சிரிக்கணும் என்று, அந்தக் கையைத்தானே சந்திக்கு இழுக்கப் பார்த்தான். அது மட்டுமா. இன்னொன்றும் இருந்தது, அடியில், அந்தச் சிரிப்புக்கும் அடியில், அதைப் பார்க்காமல் இருக்க அவன் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினான், அது எந்தப் பக்கம் திரும்பினாலும் நேரே வந்து நின்றது. துடுப்புப் போட்டு வரும்போது, அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு வரும்போது, ஒரு நொடி, இவன் இல்லாட்டா அந்தக் கடையில நான் மனுசனா உக்கார்ந்திருப்பேன் என்று நினைத்தானா இல்லையா. நினைக்கவில்லை. நினைத்தான். ஒரு நொடிதான், எல்லாருக்கும் எல்லாரையும் பற்றி வருகிற நினைப்புத்தான், வந்ததும் போய்விடுகிற நினைப்பு. போய்விட்டதா? கைக்குள் போய் உட்கார்ந்துகொண்டதா? கை விட்டுக்கொடுத்ததே, அது ஒரு இழுப்பென்று விட்டுக்கொடுத்ததா, இல்லை...

"எம்மா!" என்று அவன் வாய்விட்டுக் கத்தினான், கத்திக்கொண்டே தூக்கினான். உரிந்து வந்தால் வரட்டும், உழுத முதுகோடு வரட்டும், சட்டை போட்டுக் குளிக்கட்டும், உயிரோடு வரட்டும். முதலில் கயிறு சும்மா வந்தது, தளர்ந்த பாகம், எவ்வளவு விட்டிருக்கிறோம், இவ்வளவா விட்டோம். அப்புறம் இறுகியது. ஏதோ ஒன்று பிடித்தது, பிடித்து விட்டது, அப்புறம் கனம். அவனுக்கு ஜெறால்டின் கனம் தெரியும். உயிருள்ள ஆளைத் தூக்கினால் அவனும் கூடக் காலை உதைத்து மேலே வருவான், பாதி கனம்தான் கைக்கு வரும். இது முழுக் கனம். இது உதைக்கவில்லை. இது இழுக்க இழுக்க வருகிற கனம், விட்டால் இறங்குகிற கனம், எந்த ஒத்தாசையும் செய்யாத கனம், அப்படி ஒரு கனத்தை அவன் அதற்கு முன்னே ஒரே தடவைதான் தூக்கியிருக்கிறான், அப்பன் பெட்டியைக் கல்லறைக்குத் தூக்கினபோது. இப்பொழுதும் இப்பொழுதும் என்றது வாய். நைலான் உள்ளங்கையை அறுத்தது, ரத்தம் வழுக்கியது, வழுக்கினதைப் பல்லால் கடித்து நிறுத்திக்கொண்டு கை மாற்றினான். தண்ணீருக்குள் கறுப்பாக ஏதோ ஏறி வந்தது. முடி. நீளமாய்ப் பரந்து, அலையில் இப்படியும் அப்படியும் ஆடுகிற தலைமுடி. ஜெறால்டுக்கு இவ்வளவு நீள முடி ஏது என்று புத்தி கேட்கவில்லை, செத்தால் முடி வளரும் என்று யாரோ சொன்னதுதான் ஞாபகம் வந்தது, மரத்தின் ஓரத்துக்கு அது வந்து முட்டியபோது அவன் கண்ணை மூடிக்கொண்டுதான் கையை விட்டு அந்த முடியைப் பிடித்தான். பிசுபிசுவென்று இருந்தது. பாசி. பாசி படிந்த வலை.

வலை. இடுப்பு இல்லை, ஆள் இல்லை. கயிற்றின் நுனி வலையின் மேல்கயிற்றில் இறுக்கிக் கட்டியிருந்தது, நல்ல முடிச்சு, ஜெறால்டு முடிச்சு. அவன் இடுப்பிலிருந்து கழற்றி வலையில் கட்டியிருக்கிறான். தண்ணிக்குள்ளே இடுப்பு முடிச்சை எவனாவது அவிழ்ப்பானா? எங்க கரை உண்டான நாளிலிருந்து எவனும் அவிழ்த்ததில்லை. அவன் அவிழ்ப்பான். மிடுக்கன் அல்லவா, எங்க பக்கத்தில் கெட்டிக்காரனுக்கு மிடுக்கன் என்போம், அவனுக்கு ஊர் வைத்த பேரே மிடுக்கன் ஜெறால்டுதான், வலையை அறுத்துவிட்டு மேலே வந்து இன்னொரு கயிற்றை வாங்கிக்கொண்டு மறுபடியும் இறங்குகிற வேலை எதற்கு, ஒரே மூச்சில் முடிக்கலாமே என்று பார்த்திருப்பான். அப்போ அது ரெண்டு. வலையைக் கட்டின பிறகு வேறு எதற்கு இழுப்பான், தூக்கு என்றுதான் இழுத்திருப்பான். ரெண்டு. ரெண்டேதான். நான் விட்டேன். தூக்கியிருந்தால் வலை மேலே போயிருக்கும், அவன் அடியில் நீந்தி வந்திருப்பான். நான் விட்டதில் அறுபட்ட வலை அப்படியே அவன் மேலே கவிழ்ந்திருக்கும். வியாகப்பன் வலைக்குள் ரெண்டு கையையும் விட்டுத் துழாவினான். உள்ளே இருப்பானோ, இதற்குள்ளே சுற்றிக்கொண்டிருப்பானோ. சிங்கி இறால் ஒன்று வாலை அடித்தது. நண்டு கடித்தது, கடிக்கட்டும். வீங்கி அழுகின களவா ஒன்று கையில் பிதுங்கியது. வெறும் ஆமை ஓடு ஒன்று, உள்ளே தண்ணீர் மட்டும். இன்னும் உயிர் இருந்த கிளிமீன் ஒன்று நீலமும் பச்சையுமாய் வாயைத் திறந்து மூடியது, மனுசனின் விரல் மாதிரி ஒன்று தட்டுப்பட்டுப் பிடித்து இழுத்தான், கணவாயின் கை, அது அவன் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்து, ஒவ்வொரு உறிஞ்சியாகப் பதித்து, அவனைத் தொட்டுப் பார்த்தது. "எங்கேடே அவன்?" என்று அதனிடம் கேட்டான். நிசமாகவே கேட்டான். "ஜெறால்டு எங்கே? பாத்தியா?"

இடது பக்கம் மரம் சாய்ந்தது. அவனுக்குக் கேட்காத பக்கம். திரும்பினான். மரத்தின் ஓரத்தில் ஒரு கை, அப்புறம் இன்னொரு கை, அப்புறம் கண்ணாடி இல்லாத ஒரு முகம், நெற்றியிலிருந்து ரத்தம் கோடாக இறங்க, உதடு நீலமாக. அவன் வாய் அசைந்தது. வியாகப்பனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதைப் பேயென்று நினைத்துக் கையெடுத்து ஜெபம் சொல்லப்போனான். அந்த முகம் பெருமூச்சு விட்டுத் தண்ணீரைத் துப்பியது, அப்புறம் பழைய குரலில், ஆனால் பாதிக் குரலில், "எவ்வளவு நேரமா விளிக்கிறேன் மச்சான்... பாறைக்க அந்தப் பக்கம் தொங்கிக்கிட்டு... தொண்டை கிழிஞ்சு போச்சு..." என்றது. வலை மேலே கவிழ்ந்ததும் அவன் பாறை இடுக்கு வழியாகப் புகுந்து, சிப்பி கிழிக்கக் கிழிக்க, அந்தப் பக்கத்து வாயால் வெளியே வந்திருக்கிறான். வியாகப்பன் அவன் ரெண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்து மரத்தின் மேலே இழுத்துப் போட்டான். போட்ட கையோடு கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டான். "முடிச்சை அவுத்தியேடே பாவி! எவனாவது அவுப்பானா? அவ அங்க தேங்காய்க்குப் பாத்துக்கிட்டு நிக்கா!" ஜெறால்டு கன்னத்தைத் தடவவில்லை. மல்லாந்து கிடந்து மூச்சு வாங்கினான். தோளும் விலாவும் கீறலாய்க் கிடந்தது. அவனிடம் ஒரு கேலியும் வரவில்லை. அதுதான் வியாகப்பனை இன்னும் பயமுறுத்தியது, இவன் பேசாமல் இருந்து பார்த்ததே இல்லை.

கணவாய் மெதுவாக வலையிலிருந்து இறங்கி, மரத்தின் இடுக்கைத் தடவித் தடவிக் கண்டுபிடித்து, அது வழியாகக் கடலுக்குள் ஒழுகிப் போனது. கிளிமீனை வியாகப்பன்தான் விடுவித்துப் போட்டான், கை செய்தது, அவனுக்குத் தெரியாமலே. அப்புறம் கேட்டான். கேட்காமல் இருக்க முடியுமா, அவன் சாகும்வரை அவனோடு படுத்து எழும்பப்போகிற கேள்வி அது. "மாப்பிள, ஒண்ணைச் சொல்லு. நீ ஒண்ணு இழுத்தியா, ரெண்டு இழுத்தியா?" ஜெறால்டு தலையை மட்டும் திருப்பி அவனைப் பார்த்தான். ரத்தம் சொட்டுகிற உள்ளங்கையைப் பார்த்தான். "நான் இழுக்கவேயில்ல மச்சான்" என்றான். "இழுக்கணும்னு நினைக்கறதுக்குள்ள மூச்சு முட்டிட்டு. நீரு பிடிச்சது கடலை." வலையைக் கட்டிவிட்டு இழுக்காமல் இருக்கிற முங்காளி உலகத்தில் உண்டா? வியாகப்பன் ஜெறால்டின் வலது கையைப் பார்த்தான். விரல் மடிப்பில், கயிறு சுண்டி இழுத்தால் பதிகிற சிவப்பு. ஜெறால்டு அதைப் பார்த்துவிட்டுக் கையை மெதுவாக மூடிக்கொண்டான். அலை வந்து மரத்தைத் தூக்கி இறக்கியது. "பாதி வலைதான் வந்திருக்கு" என்றான் ஜெறால்டு, "மிச்சம் கீழ கிடக்கு. விட்டுட்டுப் போனா நாளைக்கும் பிடிக்கும்." "வேண்டாம். நாளைக்கு வேற ஆளைக் கூட்டிட்டு வருவோம். நான் பிடிக்கமாட்டேன்." "வேற யாரு பிடிப்பா? கித்தேரிக்கு வேற அண்ணன் உண்டா?" வியாகப்பன் ரெண்டு கையையும் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டான், சின்னப்பிள்ளை பிரம்புக்குப் பயந்து ஒளிக்கிற மாதிரி. "எனக்கு இனி தெரியாதுடே. கை போச்சு. எல்லாம் நீயாத் தெரியுது." ஜெறால்டு எழுந்து உட்கார்ந்தான். மூச்சு சமப்படும்வரை இருந்தான். வலையிலிருந்து கயிற்று நுனியைக் கழற்றினான், இடுப்பைச் சுற்றி ஒருமுறை கொண்டுவந்தான், முடிச்சைத் தன் கையால் போடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே திரும்பி, கிழிந்த முதுகை வியாகப்பனுக்குக் காட்டி, கயிற்று நுனியைப் பின்பக்கம் நீட்டினான், தன் விரல் எட்டி அவிழ்க்க முடியாத இடத்துக்கு, முடிச்சு விழுகிறவரைக்கும் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தான்.